ஏசி அறையில் வெளுத்த கற்கள்: கோரலைன் பாசி படராத ஒரு கடல்நீர்த் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. படுக்கவும் வேலை பார்க்கவும் ஒரே அறை. அந்த அறையின் சுவரோரம் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி. கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியோடு சேர்த்தால் தண்ணீர் 300 லிட்டர் அளவு வரும். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு டாம்சல், சில நத்தைகள், சங்கு நண்டுகள். பவளம் எதுவும் இல்லை. தொட்டி வைத்து இரண்டாவது கோடை வந்துவிட்டது. மீன்கள் நன்றாகத் தின்கின்றன, நோய் நொடி இல்லை, தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது. கற்கள் மட்டும் சில இடங்களில் வெள்ளையாகவும் மற்ற இடங்களில் பழுப்புப் படலம் போர்த்தியும் கிடக்கின்றன. வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே: கல்லில் ஊதாவும் ரோஸும் ஏன் படரவே இல்லை? அவர் சொன்னது கோரலைனை, கல்லோடு கல்லாக ஒட்டிப் படரும் பாசியை.

அவர் முயலாமல் இல்லை. கால்சியம் திரவம், கோரலைன் வளர்ச்சிக்கென்று லேபிள் ஒட்டி விற்கும் கலவை, ஸ்ட்ரான்ஷியம் சொட்டு என்று அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பாட்டிலும் தீர்ந்ததே தவிர கல்லின் நிறம் மாறவில்லை.

இந்தத் தொட்டியை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. கோரலைன் வரவில்லை என்றதும் நம்மில் பெரும்பாலோர் கை போவது கால்சியம் பாட்டிலுக்குத்தான். இங்கே குறை தண்ணீரில் இல்லை, அறையின் காற்றில் இருந்தது. நம் ஊர் வெயிலுக்குப் பயந்து ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கும் எத்தனையோ தொட்டிகளுக்கு இதே கதை பொருந்தும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதல் அளவீடுகள்

பழைய டெஸ்ட் கிட்டை ஒதுக்கிவிட்டுப் புதியதில் எல்லாவற்றையும் எடுத்தோம். பிஎச் என்பது தண்ணீரின் அமில-கார அளவு, குறையக் குறைய அமிலப் பக்கம். அதற்கான மீட்டரை 7, 10 என்ற இரண்டு கரைசல்களிலும் நனைத்துச் சரிபார்த்த பிறகே தொட்டியில் வைத்தோம். காலையில் விளக்கு எரிவதற்கு முன் பிஎச் 7.75. இரவு விளக்கு அணையும் நேரத்தில் 7.9. ஆல்கலினிட்டி, அதாவது பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்த அளவு, 7.2 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). கால்சியம் லிட்டருக்கு 510 மில்லிகிராம், மெக்னீசியம் 1,180. பாஸ்பேட் 0.08, நைட்ரேட் 10. ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி.

இயற்கைக் கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420 வரை இருக்கும். மெக்னீசியம் 1,290-ஐ ஒட்டி. ஆல்கலினிட்டி 6.5 முதல் 7 வரை. அப்படிப் பார்த்தால் இந்தத் தொட்டியில் கால்சியம் கடலையே மிஞ்சிக் கிடக்கிறது. ஆல்கலினிட்டிக்குக் குறையில்லை. மெக்னீசியம் கொஞ்சம் தாழ்வு, ஆனால் ஒரு கல்லைக்கூட நிறம் மாற விடாமல் தடுக்கும் அளவுக்குத் தாழ்வு இல்லை. பொருந்தாமல் தனித்து நின்றது பிஎச் ஒன்றுதான். கடலின் மேற்பரப்பில் அது 8.1-ஐ ஒட்டி இருக்கும்.

ஆல்கலினிட்டியைப் பற்றி இன்னொன்றும் கவனித்தோம். தண்ணீர் மாற்றாமல் விட்டு, நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப அளந்தபோது அது ஏறக்குறைய அசையவே இல்லை. சுண்ணாம்பைக் கட்டும் உயிர் எதுவும் தொட்டியில் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். பவளம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் தொட்டியில் ஆல்கலினிட்டி குறைந்தால் பவளம் எடுத்ததா, கோரலைன் எடுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே குறைந்தால் பெரும்பங்கு கோரலைன் கணக்குத்தான். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா கொஞ்சம் எடுக்கும், நத்தை ஓட்டுக்குக் கொஞ்சம் போகும், அவ்வளவே. எனவே ஆல்கலினிட்டியின் நகர்வையே வளர்ச்சியின் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

மார்கழியில் வந்த புள்ளிகள்

வழியைக் காட்டியது வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு தகவல்.

"அண்ணா, மார்கழியில பின்பக்கக் கண்ணாடியில ரெண்டு மூணு எடத்துல ரோஸ் புள்ளி வந்துச்சு. பவர்ஹெட் மேலயும் ஒண்ணு. சரி, ஆரம்பிச்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். பங்குனியில பார்த்தா அப்படியே நின்னுபோச்சு."

கண்ணாடியிலும், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டிலும் புள்ளிகள் இன்னும் இருந்தன. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, கல்லாக ஒட்டியிருந்தன. பிளாஸ்டிக் அட்டையால் ஒரு துணுக்கைப் பெயர்த்து வினிகர் விட்டதும் நுரைத்தது. சந்தேகமில்லை, கோரலைன்தான். சிவப்பு நிறச் சயனோபாக்டீரியா என்றால் வழவழவென்று கையோடு வந்திருக்கும்.

அப்படியானால் விதை தொட்டிக்குள் வந்தாயிற்று. தீபாவளிச் சமயத்தில் வேறொருவர் தொட்டியிலிருந்து வாங்கிய நத்தைகளின் ஓட்டில் ஊதாத் திட்டு இருந்ததாம். விதை இருந்தும் ஏன் நின்றது? மார்கழிக்கும் பங்குனிக்கும் நடுவே என்ன மாறியது? விளக்கு அதே விளக்கு, அதே நேரம். உணவும் உப்பும் அதேதான். நானே கேட்டேன்: "மார்கழியில ஏசி போடுவீங்களா?" "எதுக்குண்ணா, அப்பதான் பால்கனிக் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குவோம்."

சென்னையில் ஒரு கடல்நீர்த் தொட்டியை 26 டிகிரியில் வைக்க இரண்டு வழிதான். ஒன்று தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டும், இல்லையென்றால் அறையையே குளிர வைக்க வேண்டும். இவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார். மாசி முடிவில் ஏசி போட்டால் ஐப்பசி மழை வரை அது அணைவதில்லை. குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவு, ஜன்னல், கீழ் இடுக்கு எல்லாம் அடைப்பு. வீட்டு ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அந்த அறையில் இருவர் இரவெல்லாம் மூச்சு விடுகிறார்கள். பகலில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

கரியமில வாயு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வைத்தோம். வெளிக்காற்றில் சற்றேறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும் வாயு, காலையில் அந்த அறையில் 1,400-ஐத் தொட்டது.

காற்றுக்கும் கல்லுக்கும் என்ன தொடர்பு

இந்தப் பகுதி கொஞ்சம் வேதியியல். இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

கோரலைன் ஒரு சிவப்புப் பாசி. தன் செல்சுவரிலேயே சுண்ணாம்பைப் படியவைத்துக் கல்லாகிவிடும் தாவரம். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸின் காலத்தில் இதை விலங்கினத்தோடு சேர்த்திருந்தார்கள். ஜெர்மானியரான ருடால்ஃப் பிலிப்பி 1837-இல்தான் இந்த வகைப் பாசிகள் தாவரமே என்று நிறுவினார். பவளம் கட்டும் சுண்ணாம்பு அரகோனைட் வகை. கோரலைன் கட்டுவது மெக்னீசியம் மிகுந்த கால்சைட். கடலில் கிடைக்கும் சுண்ணாம்பு வகைகளில் எளிதாகக் கரையக்கூடியது இதுதான். ஆகவே தண்ணீரின் அமிலப் பக்கச் சாய்வு மற்றவற்றுக்கு முன்னால் இதைத் தாக்கும்.

சுண்ணாம்பு கட்டக் கால்சியம் மட்டும் போதாது, கார்பனேட் அயனியும் வேண்டும். கடல்நீரில் கால்சியம் தாராளமாகக் கிடைக்கிறது, கார்பனேட்டுக்குத்தான் பஞ்சம். கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அந்தக் கொஞ்சக் கார்பனேட்டும் பைகார்பனேட்டாக மாறிவிடும். நாம் அளக்கும் ஆல்கலினிட்டியில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தச் சோதனை இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. 7.2 என்று கிட் காட்டும், நாமும் திருப்திப்படுவோம். அந்த 7.2-க்குள் கார்பனேட்டின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்வது பிஎச்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே ஆல்கலினிட்டியில் பிஎச் 8.1-லிருந்து 7.75-க்கு இறங்கினால் கார்பனேட் பாதிக்குச் சற்றே மேல்தான் மிஞ்சுகிறது. இதோடு கால்சியத்தை ஒப்பிடுங்கள். 420-ஐ 510-ஆக ஏற்ற இத்தனை பாட்டில் ஊற்றியதில் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. பாசிக்கு வேண்டியது இரண்டின் பெருக்கல். ஒரு பக்கம் ஐந்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே மறுபக்கம் பாதியை இழந்தால் நிகரம் நட்டம்தான்.

பெருக்கல் என்று நான் சொல்வது ஊகம் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பயோஸ்ஃபியர் 2 என்ற மாபெரும் கண்ணாடிக் கூடாரம் இருக்கிறது. 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அதற்குள் அடைபட்டு வாழ்ந்தார்கள். உள்ளே காடு, வயலோடு இருபத்தைந்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட கடலும் பவளத்திட்டும் இருந்தன. அடைத்த கூடாரத்தில் கரியமில வாயு வெளியுலகைவிடப் பல மடங்கு ஏறியது. அந்தக் கடல் அமிலப் பக்கம் சாயாமலிருக்கச் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கொட்ட வேண்டியிருந்தது. பிறகு அதே கடலில் கிறிஸ் லாங்டனும் உடன் ஆய்வாளர்களும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே சுண்ணாம்பு கட்டும் வேகம் இரண்டின் பெருக்கலைப் பின்தொடர்ந்தது. நம் நண்பரின் அறையை அந்தக் கூடாரத்தின் சின்ன உருவமாகவே பார்க்கிறேன்.

கோரலைனை நேரடியாகக் காட்டும் ஆய்வும் உண்டு. ஹவாயில் கனேயோஹே விரிகுடாவின் கோகனட் தீவில் இல்சா கஃப்னர் குழுவினர் கடல்நீர் ஓடும் திறந்தவெளித் தொட்டிகளை வைத்து, சிலவற்றில் மட்டும் அமிலத்தன்மையைக் கூட்டினார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, அமிலம் கூடிய தொட்டிகளில் கோரலைன் படர்ந்த பரப்பு 92 சதவீதம் குறைவு. சுண்ணாம்பு கட்டாத பாசிகளின் பரப்பு 52 சதவீதம் அதிகம். இந்த இரண்டாவது எண்ணையும் மறக்க வேண்டாம். இந்தத் தொட்டிக் கற்களின் மேல் பழுப்புப் படலம் உட்கார்ந்திருந்ததற்கும் அதற்கும் உறவு உண்டு என்றே கருதுகிறேன். கோரலைன் பிடிக்காத இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்கிறது.

குவளைச் சோதனை

பிஎச் குறைவுக்கு அறைக் காற்றுதான் காரணமா, தொட்டிக்குள்ளேயே வேறு காரணம் இருக்கிறதா என்பதை ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரும் செய்து பார்க்கலாம், செலவு ஏதுமில்லை.

தொட்டித் தண்ணீரை இரண்டு குவளைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அதே அறையில் வைத்துச் சின்ன ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போட்டுக் குமிழ விடுங்கள். மற்றதைப் பால்கனிக்குக் கொண்டுபோய் அதே போல் குமிழ விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டிலும் பிஎச் பாருங்கள். இரண்டுமே ஏறியிருந்தால் தொட்டியில் காற்றோட்டம் போதவில்லை, மேற்பரப்பை இன்னும் கலக்க வேண்டும். பால்கனிக் குவளை மட்டும் ஏறியிருந்தால் அறைக் காற்றுதான் குற்றவாளி. இரண்டும் அசையாமல் நின்றால் ஆல்கலினிட்டியை மறுபடி அளந்து பாருங்கள், மீட்டரையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

இங்கே அறைக் குவளை 7.8-இல் நின்றது. பால்கனிக் குவளை 8.15-க்கு ஏறியது.

செய்தது என்ன

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று கடைசி வரை தெரியாது. ஆகவே முதலில் பாட்டில்கள் அத்தனையும் நிறுத்தம். வாராவாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம் மட்டும். அதிலேயே கால்சியம் மெல்ல 440-க்கு இறங்கியது, மெக்னீசியம் 1,280-க்கு வந்தது. கல்லில் மாற்றம் இல்லை, ஆல்கலினிட்டியும் நகரவில்லை.

அதன் பிறகு ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று. ஸ்கிம்மர் ஒரு நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் காற்றை இழுத்து நுரையாகத் தண்ணீரோடு கலக்கும் கருவி. தொட்டியில் காற்றும் நீரும் அவ்வளவு நெருங்கிக் கலக்கும் இடம் வேறில்லை. அதன் காற்றுக் குழாய் சம்ப் அலமாரிக்குள்ளேயே கிடந்தது. அங்கே இருப்பது அறையின் காற்றிலும் மட்டமான காற்று. அந்தக் குழாயை நீட்டி, ஏசி குழாய் போகும் சுவர்த் துளை வழியாகவே வெளியே விட்டோம். ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை, குளிர் வீணாகவில்லை.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. ஸ்கிம்மரோடு வரும் மெல்லிய குழாயையே பத்தடி நீட்டினால் உராய்வில் காற்று குறைந்து நுரையே எழாது. ஸ்கிம்மர் வாயருகே மட்டும் அந்தக் குழாயை வைத்து, மீதித் தூரத்துக்கு அதைவிட இரு மடங்கு அகலமான குழாய் போட வேண்டும். வெளி முனை கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், மழைத்தண்ணீர் ஏறக்கூடாது. பூச்சி நுழையாமல் வலை கட்ட வேண்டும். சென்னையின் ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குள் வந்ததும் குழாய்க்குள் நீர் கோர்க்கும். அது தேங்காமல் வடிய ஒரு சரிவு விடுங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கும்போது அந்தக் குழாய் அதை நேரே தண்ணீரில் கரைக்கும். கொசுவைக் கொல்லும் மருந்து இறாலையும் நண்டையும் விடாது. போகிப் பண்டிகைக் காலைப் புகையும், பக்கத்து வீட்டுப் பெயின்ட் வேலையும் அப்படித்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் குழாயைக் கழற்றி அறைக்குள் போடும்படி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தோம். குழாய் நடுவே ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய டப்பா ஒன்றையும் வைத்தோம். ஆனால் அதை நம்பிக் குழாயைக் கழற்றாமல் இருக்கக் கூடாது.

ஒரு வாரத்துக்குள் பிஎச் காலையில் 7.95-க்கும் இரவில் 8.15-க்கும் வந்து நிலைத்தது. காலைத் தாழ்வு இன்னும் இருக்கிறது, காரணம் இரவில் தொட்டிக்குள்ளேயே மீனும் பாக்டீரியாவும் மூச்சு விடுகின்றன. சம்ப்பில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் கீட்டோ என்ற பச்சைப் பாசி வளர்த்து அதற்கு இரவில் விளக்குப் போட்டால் அந்தத் தாழ்வும் குறையும். இங்கே சம்ப்பில் இடம் இல்லாததால் அதைச் செய்யவில்லை.

வேறு வழிகளும் இருந்தன. கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் மணிகளை ஸ்கிம்மர் குழாயில் வைக்கலாம். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 1,400 பிபிஎம் அறையில் மணிகள் சீக்கிரம் நிறம் மாறித் தீர்ந்துவிடும், மாதாமாதம் செலவு. ஆல்கலினிட்டியை 10, 11 என்று உயர்த்தி வைத்தும் கார்பனேட்டைக் கூட்டலாம், சிலருக்கு அது பலித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கால்சியம் 510-இல் நிற்கும் தொட்டியில் அதைச் செய்தால் சுண்ணாம்பு பாசியில் படியாமல் பம்பிலும் குழாயிலும் வெள்ளைப் பொருக்காகப் படியும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பை இவர் தொட்டியில் கழற்றியபோது அந்தப் பொருக்கு ஏற்கெனவே மெல்லியதாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைப்பது மார்கழிக்குச் சரி, சித்திரைக்கு ஆகாது.

விதையும் மேய்ச்சலும்

பிஎச் நிலைத்த பிறகே விதையைக் கூட்டினோம். சிவப்புப் பாசிகளின் வித்துகளுக்கு நீந்தும் இழை கிடையாது. தண்ணீர் தள்ளிய இடத்துக்குப் போய் அங்கே ஒட்டினால்தான் உண்டு. ஆகவே ஓட்டம் எட்டாத கல்லின் பின்புறத்துக்கு வித்து போய்ச் சேர்வது அரிது. டிரை ராக், அதாவது உயிரில்லாத காய்ந்த கல், வைத்துத் தொடங்கிய தொட்டியில் வித்தே இல்லாமல்தான் ஆட்டம் தொடங்குகிறது. எந்தப் பாட்டிலும் அந்தக் குறையைப் போக்காது.

நண்பர் ஒருவரின் நல்ல தொட்டியில் கண்ணாடியைச் சுரண்டும்போது விழுந்த ஊதாப் பொடியை அந்தத் தொட்டித் தண்ணீரோடு பையில் எடுத்து வந்தோம். விளக்கு அணைந்ததும் ஸ்கிம்மரை நிறுத்தி, பவர்ஹெட் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். ஊதா ஓட்டு நத்தைகள் சிலவும் வாங்கினோம். பிறர் தொட்டித் தண்ணீர் வந்தால் அதோடு மீன் நோயும் வரும். எனவே மாதக்கணக்கில் புது மீன் சேர்க்காத தொட்டியாகப் பார்த்து எடுப்பது நல்லது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ போனால் ஊதா படர்ந்த கல் கிடைக்குமே, ஒன்றை எடுத்து வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கல்லாகும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தே தேய்ந்த கடல் அது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் அங்கே நீருக்குள் போய்விட்டன. உடைந்த பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் வேலையைக் கடலில் செய்வது இதே கோரலைன் பாசிகள். பவளத்தின் இளம்புழுக்கள் பல, எங்கே குடியேறலாம் என்று தேடும்போது கோரலைன் படர்ந்த பரப்பைத்தான் நாடுகின்றன. அந்தக் கல்லை அங்கிருந்து பெயர்த்துவிட்டு நம் வீட்டுக் கண்ணாடிக்குள் அழகு பார்ப்பது முறையே இல்லை. சுரண்டிய பொடி ஒரு கைப்பிடி போதும், ஊரிலேயே கிடைக்கும்.

பழுப்புப் படலத்தை நீக்க நத்தைதான் வழி. டர்போவும் ட்ரோகஸும் படலத்தை மேய்ந்து கல்லின் முகத்தைத் திறந்துவிடும். அவை மேயும்போது கோரலைனின் மேல்தோல் கொஞ்சம் போகும், ஆனால் கோரலைன் தன் மேல் அடுக்கைத் தானே உதிர்த்துப் புதுப்பிக்கும் பாசி. கடல் முள்ளெலி வாங்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது படலத்தோடு கோரலைனையும் சுரண்டித் தின்று வெள்ளைத் தடம் போட்டுக்கொண்டே போகும். பாதிக் கல்லாவது ஊதா ஆன தொட்டிக்கு அது சரி, இப்போது தொடங்கும் தொட்டிக்குச் சரியில்லை.

விளக்கைத் தொடவில்லை. கோரலைனுக்கு மங்கிய ஒளிதான் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. பஹாமாஸ் அருகே சான் சால்வடார் கடல்மலையில் 1984-இல் 268 மீட்டர் ஆழத்தில் கோரலைன் வகை ஒன்றைக் கண்டார்கள். அங்கே எட்டும் ஒளி மேற்பரப்பில் இருப்பதில் 0.0005 சதவீதம்தான். அதே குடும்பத்து வேறு வகைகள் பசிபிக் திட்டுகளின் விளிம்பில், அலை அறையும் உச்சி வெயிலில் பாறையாகக் கிடக்கின்றன. நம் தொட்டிகளுக்குள் வருபவை பெரும்பாலும் நடுத்தர ஒளியில் வளர்பவை. திடீரென்று ஒளியைக் கூட்டினால் வெளுத்துவிடும். எந்த ஒளியானாலும் நிலையாக இருப்பதே முக்கியம்.

வளர்ந்த பிறகு வந்த பசி

ஆனியில் குழாய் போட்டோம். ஆவணி முடிவதற்குள் பின்பக்கக் கண்ணாடியில் கடுகளவுப் புள்ளிகள் எண்ண முடியாத அளவுக்கு வந்தன. முதலில் கண்ணாடியும் பவர்ஹெட்டின் பிளாஸ்டிக்கும், பிறகு கல்லின் அடிவளைவுகள், கடைசியாகக் கல்லின் மேற்புறம். கண்ணாடியில்தான் முதலில் வரும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இத்தனையும் ஏசி இரவும் பகலும் ஓடிய மாதங்களில் நடந்தது. முந்தைய ஆண்டு இதே மாதங்களில் கல் வெறும் கல்லாகத்தான் இருந்தது.

புள்ளிகள் வட்டத் தகடுகளாக விரிந்தபோது வீட்டுக்காரர் பதறிப் போன் செய்தார். ஓரமெல்லாம் வெளுக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் மெல்லிய வெளிர் விளிம்பு, நடுவில் நல்ல ரோஸ். அது புதிதாக வளரும் ஓரம். நிறமி பின்னால்தான் வரும், கவலைப்பட ஏதுமில்லை.

உண்மையான வெளுப்பு ஐப்பசியில் வந்தது. சில தகடுகள் நடுவிலிருந்து வெள்ளையாகின. அளந்தால் ஆல்கலினிட்டி 5.9. முன்பு அசையாமல் நின்ற எண் இப்போது வாரத்துக்கு ஏறக்குறைய 1 டிகேஎச் இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போனதில் இரண்டு தண்ணீர் மாற்றம் விட்டுப்போயிருந்தது. தேக்கம் உடைந்து பாசி சாப்பிடத் தொடங்கியதால் சட்டி காலியாகிவிட்டது. கோரலைன் வளர்க்கும் முயற்சிகள் பல இந்தக் கட்டத்தில்தான் கைவிடப்படுகின்றன. வந்தது, பிறகு தானாகச் செத்துவிட்டது என்பார்கள். தானாகச் சாவதில்லை, அதன் உணவு தீர்ந்துவிடுகிறது.

இதற்குத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தேர்ந்தெடுத்தோம். கால்சியம் ஹைட்ராக்சைடு ஒன்றிலேயே கால்சியமும் ஆல்கலினிட்டியும் பாசி எடுக்கும் விகிதத்தில் கிடைக்கிறது, கூடவே தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவையும் அது பிடித்துக்கொள்ளும். 300 லிட்டரில் 1 டிகேஎச் உயர்த்த 4 கிராம் போதும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் ஆர்ஓ நீரில் ஒரு வாரத்துக்கு அந்த அளவைப் பிரித்துக் கலந்து, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டு, தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தத் தெளிவின் பிஎச் 12-ஐத் தாண்டும். மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துவிடும், கண்ணில் பட்டால் புண்ணாகும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தூய்மை அச்சிட்ட உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ வாங்குங்கள்.

5.9-லிருந்து ஒரே நாளில் ஏற்றவில்லை. நாளொன்றுக்கு அரை டிகேஎச்சுக்கு மேல் போகாமல் 7.5-க்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தினோம். வெளுத்த தகடுகள் மீளவில்லை, அவற்றின் மேலேயே புதுத் தகடுகள் ஏறின. பாஸ்பேட்டும் 0.05-க்கு வந்திருந்தது. அதற்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை, தீனியைக் கொஞ்சம் குறைத்ததும் தண்ணீர் மாற்றமும்தான். பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்புப் படிகம் கட்டுவதையே அது தடுக்கும் என்பதால் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தை பிறந்தபோது பின்பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் ஊதா. கற்களின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுத் திட்டுகள். மேற்புறம் இன்னும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. நத்தை ஓடுகள் ஒன்றையும் விடவில்லை.

இப்போது வீட்டுக்காரருக்கு இருக்கும் வேலை வேறு. முன்கண்ணாடியில் வரும் புள்ளிகளை வாராவாரம் பிளாஸ்டிக் அட்டையால் எடுத்துவிட வேண்டும், விட்டால் கல்லாகிப் பிளேடு கேட்கும். அந்தப் பொடியை வீசாமல் பவர்ஹெட் ஓட்டத்திலேயே விட்டுவிடுகிறார். ரிட்டர்ன் பம்பின் சுழலிக்குள்ளும் கோரலைன் படர்ந்து சத்தம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த வாளியில் ஓடவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுகிறார். பங்குனி வருவதற்குள் ஸ்கிம்மரின் வெளிக்குழாயையும் கழற்றி உள்ளே படிந்த தூசியைக் கழுவி, கார்பனை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.